குதிரைப் படத்துக் கண்ணாடி

சாயங்காலம் ஆறு மணி. ஊரடங்கு. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை... அந்த நேரத்தில் தன்னந்தனியாக வேலைக்கு நடந்துபோனவர் என் சிநேகிதனுடைய மச்சான். நடந்தது அவருக்குத்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

மச்சானுக்கு ஓவிய அருங்காட்சியகத்தில் வேலை. தொற்று வந்ததும் கதவைச் சாத்தி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்க ஆள் வராவிட்டாலும் ஏசி ஓட வேண்டும், கண்ணாடி துடைக்க வேண்டும். அத்தனைக்கும் ஒற்றை ஆள் இவர். அவ்வளவு பெரிய கட்டடத்தில் இவருடைய செருப்புச் சத்தம் மட்டும்... சரக், சரக்.

கடைசிக் கூடத்தில், கண்ணாடி போட்ட பெரிய கறுப்புக் குதிரைப் படம். அவருடைய சின்ன மகளுக்கு அதென்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தால் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நிற்பாள். "மூக்கை எடுடி, அப்பாவுக்கு வேலை வைக்காதே" என்று அதட்டிவிட்டு, மூச்சு படிந்த வட்டத்தைத் துடைப்பார்.

அன்று அந்தக் கூடத்தில், காற்றின் ஈரத்தைக் காட்டும் முள் ஏறியிருந்தது. கூட்டம் நெரிகிற நாளில் அப்படி ஏறும். அத்தனை பேர் மூச்சு விடுவார்களே... இப்போது யார்?

குதிரைப் படத்துக் கண்ணாடியில், நல்ல உயரத்தில், ஒரு வட்டம் பனித்திருந்தது. டிக்கெட் கொடுக்கும் நெட்டையண்ணன் நின்றால் அவர் வாய் அங்கேதான் வரும். அவரோ நோய் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மச்சான் துடைத்தார். துணி வெதுவெதுப்பாக இருந்தது. உடனே போன் அடித்தது.

"நெட்டையண்ணன் போயிட்டாருப்பா... இப்பதான்."

ஏதோ தற்செயல் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். சில நாள் கழித்து இன்னொரு வட்டம். எப்போதும் முக்காலியில் உட்கார்ந்தே படம் பார்க்கும் டிராயிங் டீச்சரின் முக உயரத்தில். பழக்கதோஷம், கை தானாகத் துடைத்துவிட்டது. வீடு போய்ச் சேருமுன் அந்த அம்மாவின் சாவுச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு துணியைத் தொடவே இல்லை.

யாரப்பா அங்கே கதவோரத்திலிருந்து நெருக்கித் தள்ளுவது? கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று, பயப்படாமல் உட்கார்.

அப்புறம்... மகளுக்குக் காய்ச்சல். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாய் மட்டும் உள்ளே. தகப்பன் வாசலோடு சரி. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மனுஷன் வேலைக்கு வந்தார். கடைசிக் கூடத்தில் விளக்கைப் போட்டார்.

அவர் இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன வட்டம். நடுவில் மூக்கு நுனி அழுந்திய தடம்.

துடைக்கவில்லை... ஆனால் அது தானாகவே சுருங்கியது. ஓரத்திலிருந்து, மெல்ல, ஒரு பொத்தான் அளவுக்கு. மண்டியிட்டார். முகக்கவசத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதன்மேல் ஊதினார். ஹ்ஹா... வட்டம் விரிந்தது. நிறுத்தினால் சுருங்கியது. "போகாதடி தங்கம், அப்பா இருக்கேன்டி." தலை சுற்றியது, உதடு வெடித்தது. விடியும்வரை ஊதினார்.

விடிந்ததும் மனைவி கூப்பிட்டாள். "புள்ள கண்ணு முழிச்சிட்டாங்க! உங்ககிட்ட பேசணுமாம்."

"அப்பா... ராத்திரி பூரா குதிரை என் மூஞ்சியில ஊதிக்கிட்டே இருந்துச்சுப்பா. சூடா."

குலுங்கிக் குலுங்கி அழுதார். மகள் பிழைத்து வீடு வந்தாள். கண்ணாடியில் அந்த வட்டம் மட்டும் மறையவே இல்லை. அதில் துணி படாமல் தினமும் காவல் காத்தார். பிறகு அவரே காய்ச்சலில் படுத்தார். அதே வாரம் அருங்காட்சியகத்தைத் திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. பதறிப்போய் மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சார், குதிரைப் படத்துக் கண்ணாடியை மட்டும் யாரும் துடைக்க வேணாம் சார். காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அதை ஏன் கேக்கறீங்க! வெளியில எவ்வளவு தேய்ச்சும் ஒரு வட்டம் போகலை. பார்த்தா, அது உள்பக்கமா இருக்கு. சட்டத்தைக் கழட்டி இப்பதான் துடைக்கறாங்க."

உள்ளறையில் மகள் குதிரை மாதிரி தாவித் தாவி விளையாடிக்கொண்டிருந்தாள். டக், டக், டக்...

சத்தம் நின்றது.