பட்டாசுப் புகையில் எனக்கொரு வரவேற்பு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் கோயில் கமிட்டித் தலைவர் கிருஷ்ணராஜ் அவர்களே, அனுபவத்தால் நரைத்து அன்பால் நிறைந்த பெரியோர்களே, கொடகவெல டவுனிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவந்து உதவிய முக்தார் நானா அவர்களே, விடியலில் ரப்பர் பால் வெட்டிய களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, தங்கைமாரே, தம்பிமாரே! தலைநிமிர்ந்து வணக்கம் சொல்ல வந்தவன், தலைகுனிந்து சொல்கிறேன்.

மூச்சைக் காப்பது பற்றிப் பேச இரத்தினபுரியிலிருந்து என்னை அழைத்தீர்கள். அழைத்துவிட்டு என்ன செய்தீர்கள்? வாசலிலிருந்து மேடை வரை பட்டாசு வெடித்தீர்கள்! நான் என்ன செய்தேன்? வேண்டாமென்று தடுத்தேனா? வந்த வேலையையாவது நினைத்தேனா? புகைக்கு நடுவே புன்னகையோடு படத்துக்கு நின்றேன். வெட்கமாக இருக்கிறது ஐயா!

அந்தப் புகையில், பூத்தட்டோடு நின்ற பிள்ளைகளில் ஒருத்திக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன். வாயில் வைத்து மருந்தடிக்கும் பம்ப் அவள் தாயின் பைக்குள் இருந்தது. அதை எடுக்குமுன் அந்தத் தாய் இடமும் வலமும் பார்த்தார். மகள் மூச்சுக்குத் திணறுகிறாள். தாய், யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கிறார்! பிறகு என்னிடம் சொன்னார்: “ஐயா, பேர மட்டும் மைக்ல சொல்லிறாதீங்க. நோயாளிப் புள்ளன்னு தெரிஞ்சா நாளைக்கு யாருங்க கட்டுவா?”

யாரு, யாரு என்கிறீர்கள். யாரென்று கேட்காதீர்கள் தம்பிமாரே, யாரால் என்று கேளுங்கள்! புகை போட்ட நாம் வெட்கப்படவில்லை. பிள்ளைக்கு மருந்தடித்த தாய் வெட்கப்பட்டார். இது எந்த ஊர் நியாயம்?

வீட்டிலும் இதே கதைதானே! ஈர விறகு பற்றவில்லையென்று காய்ந்த ரப்பர் ஒட்டுப்பாலையும் பொலித்தீன் ஷொப்பிங் பேக்கையும் அடுப்பில் திணிக்கிறோம். சிரிக்கிறீர்களா அக்கா? அந்தக் கரும்புகை உங்கள் மடிக் குழந்தையின் நெஞ்சுக்குள் அல்லவா போகிறது! விறகை மழை படாமல் அடுக்குங்கள். சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். சின்னதுகளை வெளியே விளையாட விடுங்கள். குப்பையைக் கொளுத்தாதீர்கள். பீடி இழுக்கும் அண்ணன்மாரே, பிள்ளையைத் தூக்கிய கையால் அதை ஒருபோதும் தொடாதீர்கள். கிளினிக்கில் தந்த பம்பை டாக்டர் சொன்னபடி பாவியுங்கள். சட்டைப்பையில் வையுங்கள், சேலைக்குள் ஒளிக்காதீர்கள். கண்ணாடி போட்டவரைக் குருடர் என்கிறோமா? பம்ப் வைத்திருப்பவளை மட்டும் ஏன் ஒதுக்குகிறோம்?

இதோ... கொஞ்சம் பொறுங்கள். மேடைக்குப் பின்னாலிருந்து அவளே வருகிறாள். தாய் கையைப் பிடித்து இழுக்கிறார். என்னம்மா சொல்கிறாய்? சத்தமாகச் சொல்.

“விடும்மா. எல்லாரும் பாக்கட்டும்.”

கேட்டீர்களா? முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பம்பை உதறுகிறாள். வாயில் வைக்கிறாள். இந்த முறை நம் எல்லார் முன்னாலும் அடிக்கிறாள். கைதட்ட வேண்டாம், தயவுசெய்து தட்ட வேண்டாம். அவளுக்குக் கைதட்டும் தகுதி எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அவளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடுங்கள், காற்று வரட்டும்.

என் பேச்சு முடிந்தது. அழைத்த உங்களுக்கு நன்றி. மகளே, உனக்கு என் வணக்கம்.