கிரேனிலிருந்து இறங்காதவர்

நன்னிலம் பஸ்ஸில் என் முன் சீட்டில், துபாயில் கிரேன் ஓட்டுபவர், லீவில் வந்தவர்; பக்கத்தில் அவர் மனைவி. பிசியோதெரபி பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

“கக்கூஸ் போறதுக்கு எக்சர்சைஸாம். வெளியில சொன்னா சிரிப்பான்,” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அந்த பிசியோதெரபி பொண்ணு சரியாத்தாங்க சொல்லுச்சு. முக்கக் கூடாது. காலை முக்காலியில தூக்கி வச்சுக்கிட்டு, வயித்தால மூச்சு விடணும். தெனமும் நடக்கணும்.”

“போதும், பேசாம வா.”

“வருஷக்கணக்கா கிரேன் மேலயே அடக்கிக்கிட்டு உக்காந்ததாலதானே இப்படி ஆச்சு? கீழ இறங்கவிடாத ஃபோர்மேன்மேல வராத கோவம், அந்தப் பொண்ணுமேல ஏன் வருது?”



“இறங்கணுமேன்னு தண்ணியே குடிக்க மாட்டேன். அந்த வெயில்ல,” என்றார் திடீரென்று, சத்தமாக. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் குரலைக் குறைக்கவில்லை. “இனிமே அந்த ஃபோர்மேன்கிட்ட வேலைக்குப் போக மாட்டேன்.”