பூஜையில் வைத்த பிரேக்

எங்கள் வீட்டுச் சுண்டலில் அம்மா காரமே சேர்க்க மாட்டாள். அதனால் இந்த ஆஸ்பத்திரிச் சாப்பாடு எனக்குப் பழகிவிட்டது. காலில் மாவுக்கட்டு இருப்பதால் படுத்தபடியே சொல்கிறேன். ரேஸ் கமிட்டிக்காரரான நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி பிரணவும் நானும் ஆளுக்கொரு மாருதி வைத்திருக்கிறோம். இந்த ரேஸில் ஜெயிப்பவனுக்குக் கோயம்புத்தூர் டீமில் இடம். பிரணவ் என்னைவிட வேகக்காரன். தம்பிதானே, அதை நான் பெரிதுபடுத்துவதில்லை. ரேஸ் அன்று காலையில் முன்சக்கரங்களைக் கழற்றி, சஸ்பென்ஷன் ஆர்ம், பால் ஜாயின்ட், டிஸ்க் எல்லாவற்றையும் துடைத்து, செய்தித்தாளில் பரப்பிவிட்டுத்தான் குளிக்கப் போவான். இந்த முறை புது பிரேக் பேடும் வாங்கி வைத்திருந்தான்.

அன்று சரஸ்வதி பூஜை. அவன் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாவற்றையும் புத்தகங்களின்மேல் அடுக்கி, குங்குமம் வைத்தேன். பேடுகளுக்கு மட்டும் சந்தனத்தைத் தாராளமாகவே பூசினேன். ஜெயராமுக்குக்கூட பக்தி வந்துவிட்டதே என்று அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிரணவ் ஈரத்தலையோடு ஓடி வந்தான். "அம்மா, மத்தியானம் ரேஸ்மா! பால் ஜாயின்ட் இல்லாம சக்கரத்தை எதுல மாட்டறது?"

"பூஜைல வெச்சதைத் தொடப்படாதுடா. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்பறம் எடுத்துக்கோ. உக்காரு, அர்ச்சனை பண்ணணும்."

பாவம், அழாத குறையாக உட்கார்ந்தான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஸ்பானர்களை மட்டும் பூஜையில் வைக்க மறந்திருந்தேன். அர்ச்சனை முடிவதற்குள் ஷெட்டில் ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாட வீதியிலிருந்து கிளம்பினேன்.

டிராக்கில் முதல் வளைவிலேயே பிரேக்கை மிதித்தேன். கார் கேட்கவில்லை. நேராக டயர் அடுக்குக்குள் போய்விட்டது. புது பேடைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பழக்காமல் ரேஸில் இறக்கினால் பிடிக்காதாம். பிரணவ்தான் நேற்றுச் சுண்டல் ஊட்டியபடி சொன்னான். புது பேட் எனக்கு ஏது என்று அவன் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள்.

ஆமாம், அவனுடையதுதான். பூஜையில் சந்தனத்துக்குள் இருந்தது நான் எப்போதோ கழற்றிப்போட்ட தேய்ந்த பேட்.

அவன் போயிருந்தால் அவன் காலல்லவா ஒடிந்திருக்கும் என்கிறாள் அம்மா. யோசித்துப் பார்த்தேன், நியாயம்தான். தம்பிக்கு வரவேண்டிய விபத்தை, அண்ணன் என்ற முறையில் நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதையும் எழுதுங்கள்.