யாகப்பற்றை குதிரை

நிப்பாட்டும், நிப்பாட்டும் தம்பி... வாசலடிக்குக் கொண்டு போகாதையும்! உந்த வேம்புக்குக் கீழை ஓட்டோவை ஓரமா விடும். ஆ... போதும். இறங்குவன், இறங்குவன், என்ன அவசரம்? பூசை ஆறரைக்கு. இப்ப ஆறு பத்துத்தானே. மணியும் இன்னும் அடிக்கேல்லை.

பாத்தீரே சோடினையை! வாழை என்ன, கொடி என்ன... கட்டுவினம், ஏன் கட்டமாட்டினம்? ஃபாதர் இந்த ஆலடிப்புலத்தாரோடை எல்லோ இருக்கிறார். எங்கடை ஃபாதர் தம்பி! கண்டல்துறை அறைவீட்டிலை இருந்த மனிசன். அறைவீடு எண்டால் ஃபாதர்மார் தங்கிற வீடு. இப்ப பூட்டிக் கிடக்கு. விறாந்தையிலை ஆரோ ஆடு கட்டுறாங்கள். ஆரோ என்ன... என்ரை ஆடுதான். மழைக்கு எங்கை கொண்டுபோய்க் கட்டுறது, சொல்லும் பாப்பம்?

உமக்கு எங்கடை முறை விளங்காது. முன்னுக்குப் பிள்ளையாரை ஒட்டி வைச்சிருக்கிறீர்... மானிப்பாய்ப் பக்கமோ? ஓம், ஓம். உங்களுக்கு ஐயர் மாதிரி எங்களுக்கு ஃபாதர். அவர் இல்லாட்டிப் பூசை இல்லை. முந்தி எங்கடை கண்டல்துறைக்கு ஒருத்தர், இந்த ஆலடிப்புலத்துக்கு ஒருத்தர். இப்ப ரெண்டு கோயில் பங்குக்கும் சேத்து ஒருத்தர், மோட்டச் சைக்கிளிலை பறந்து திரியிறார். ஹெல்மெற் அழுத்தின தடம் நெத்தியிலை கிடக்கக் கிடக்க வந்து பூசை வைக்கிறார், பாவம். ஏன் ஆளில்லை எண்டோ கேக்கிறீர்? பெடியளை ஃபாதருக்குப் படிக்கக் குருமடத்துக்கு விட ஆருக்கு மனம் வருது? எனக்கு மூண்டு பெடியள். நடுவிலான் 'போகப்போறன்' எண்டு ஒற்றைக் காலிலை நிண்டவன். 'உனக்கென்ன விசரே, ஆற்றையேன் பிள்ளை போகட்டும்' எண்டு மறிச்சது ஆர்? நான்தான். இப்ப அவன் பாரிஸிலை கோப்பை கழுவுறான். நான் இஞ்சை ஃபாதர் இல்லையெண்டு கத்திக்கொண்டு திரியிறன். சரி, அதை விடும்.

அதுக்குப் பிறகு எல்லாம் கூட்டு! கூட்டுப் பாடகர் குழாம், கூட்டு மறைக்கல்வி, ஒரு ஞாயிறு அங்கை, ஒரு ஞாயிறு இஞ்சை. இவை பாடிற பாட்டைக் கேட்டிருக்கிறீரே? எங்கடை ஆக்கள் 'ஆமென்' சொல்லி முடிச்சு, புத்தகத்தை மூடி, கதிரையிலை இருந்திடுவினம்... இவை அப்பதான் 'ஆ'விலை நிப்பினம். எங்கடை கோயில் புனிதர் யாகப்பற்றை பெருநாள் யூலை இருபத்தஞ்சு. இவையின்ரை அன்னம்மாள் பெருநாள் இருபத்தாறு. ஒரு ஃபாதர் ரெண்டு இடத்திலை நிக்கேலுமே? எங்கடையை முந்தின ஞாயிறுக்குத் தள்ளியாச்சு. இவையின்ரை மட்டும் அப்பிடியே நிக்குது! கேட்டால், 'நீங்கள் ஃபாதர் இல்லாமலே எல்லாம் செய்யிற ஆக்கள்தானே மூப்பர்' எண்டு ஒரு சிரிப்பு. கொடுப்புக்குள்ளை சிரிக்கிறது...

ஓம் தம்பி, நான்தான் அங்கை மூப்பர். மரியநாயகம் மூப்பர் எண்டு கேட்டால் கண்டல்துறையிலை நாய்க்கும் தெரியும். ஃபாதருக்கு அடுத்தபடி நான் எண்டு வையுமன். ஃபாதர் இல்லாத ஞாயிறிலை நான்தான் வேதம் வாசிச்சு, விளக்கம் சொல்லுறது. முதல் கிழமை கோயில் நிறைஞ்ச சனம். அடுத்த கிழமை அரைவாசி. இப்ப பதினொரு பேர். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க எழும்பினால், மிச்சச் சனம் மினி பஸ்ஸிலை ஆலடிப்புலத்துக்குப் போகுது. அந்தப் பதினொரு பேரிலையும் ரெண்டு பேருக்குக் காது கேளாது.

ஆர் செய்த வேலை எண்டு கேக்கிறீரோ? இவைதான் ஃபாதரைக் கொத்திக்கொண்டு போனவை எண்டு ரெண்டு வரியமா ஊரெல்லாம் சொல்லித் திரியிறன். உமக்கும் சொல்லுவம் எண்டுதான் வெளிக்கிட்டனான்... சீ, காலங்காத்தாலை, அதுவும் கோயில் வாசலிலை நிண்டு பொய் சொல்லக்கூடாது.

என்ன நடந்தது எண்டால்... ஃபாதர்மாரை மாத்திற ஆயர் இல்லத்திலையிருந்து ஒரு படிவம் வந்தது தம்பி. எல்லாப் பங்குக்கும் வந்தது. கடைசிக் கேள்வி, குருவானவர் இல்லாத வேளையிலை உங்கள் மக்கள் எதை எதைத் தாங்களே செய்வினம் எண்டு. நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. அலுமாரியிலையிருந்த நல்ல பேனையை எடுத்தன். எழுதினன் பாரும்! செபமாலை நாங்களே. சிலுவைப்பாதை நாங்களே. செத்தவீட்டுச் செபம் நாங்களே. நோயாளியளைப் பாக்கிறது நாங்களே. இடம் காணாமல் பின்பக்கம் திருப்பியும் எழுதினன். இந்த ஆலடிப்புலத்துக்காரர் என்ன எழுதியிருப்பினம்? இவையின்ரை காரியதரிசி றொசாந்தி டீச்சர், வடிவான கையெழுத்து... 'எங்களுக்கு ஒண்டும் தெரியாது, மெழுகுதிரி கொளுத்திறதுக்கும் ஃபாதற்றை முகத்தைத்தான் பாப்பம்' எண்டு உண்மையை எழுதிவிட்டிட்டா.

மறுமொழிக் கடிதம் வந்தது. 'முன்மாதிரியான பங்கு' எண்டு முதல் வரியிலையே கிடக்கு! எனக்குத் தலை கால் தெரியேல்லை. வீட்டை வைச்சு வாசிச்சுப் பாத்திருக்கலாம்தானே? இல்லை. ஞாயிறு பூசை முடிய, மைக்கைப் பிடிச்சு, சனத்துக்கு முன்னாலை உரத்து வாசிக்கிறன். முதல் பந்திக்குச் சனம் கை தட்டுது. ரெண்டாம் பந்திக்கும் தட்டுது. மூண்டாம் பந்தி... 'ஆகவே, உங்கள் பங்குத்தந்தை அடுத்த மாதம் தொடக்கம் ஆலடிப்புலத்தில் தங்கி...' நான் மைக்கைப் பிடிச்சபடி நிக்கிறன். பின்னாலை ரெண்டு பேர் அதுக்கும் கை தட்டினம், பழக்கதோஷத்திலை.

சிரியும், சிரியும். நானும் இப்பதான் சிரிக்கிறன்.

ஏன் அப்பிடி எழுதினனான் எண்டால், இவையை மடக்கத்தான், வேறையென்ன? பத்துப் பன்னிரண்டு வரியத்துக் கோவம். வரேக்கை ஒரு சந்தி கண்டனீரெல்லோ, தேத்தண்ணிக்கடைச் சந்தி? அப்ப ரெண்டு ஃபாதர்மார் இருந்த காலம். இருபத்தஞ்சாம் திகதி பின்னேரம் எங்கடை யாகப்பர் கூடு சுத்தி வாறார். கூடு எண்டால் சுரூபத்தைச் சோடிச்சுத் தூக்கிற தேர் மாதிரி. இவையும் பெருநாளுக்கு முதல்நாள் எண்டு அன்னம்மாளைத் தூக்கிக்கொண்டு வருகினம். சந்தியிலை நேருக்கு நேர்! ஆர் விலகிறது? 'அன்னம்மாள் கர்த்தருக்கே அம்மம்மா, வயதுக்கு மரியாதை குடுங்கோ' எண்டு டீச்சர் சொல்லுறா. நான் நடு றோட்டிலை நிண்டு, 'எங்கடை யாகப்பர் குதிரையிலை இருக்கிறார், குதிரை பின்னுக்குப் போகாது' எண்டன். எப்பிடிக் கதை? ஒண்டேகால் மணித்தியாலம் தம்பி! பஸ் நிக்குது, மீன்காரர் நிக்கினம், ஃபாதர்மார் ரெண்டு பேரும் கடைக்குள்ளை போய்ச் சோடா குடிக்கினம். கடைசியா அன்னம்மாள்தான் பின்னுக்குப் போனவ. இனி இவையின்ரை கோயில் படியை மிதிக்கமாட்டன் எண்டு நான் அந்த இடத்திலையே சத்தியம் பண்ணினன். வெண்டது நான், கோவிச்சதும் நான். எப்பிடி ஆள்?

அதிலை பெரிய பகிடி என்னெண்டால்... பகிடி இல்லை. என்ரை மனிசி மக்டலீன் இந்த ஊர்ப் பிள்ளை. ஞானஸ்நானம், புதுநன்மை, கலியாணம், எல்லாம் உந்தக் கோயிலுக்குள்ளைதான். நான் சத்தியம் பண்ணினாப்போலை அவவும் பெருநாளுக்கு வாறதை விட்டிட்டா. 'நீ போவன்' எண்டு நான் ஒருநாள் சொல்லேல்லை. அவவும் கேக்கேல்லை. பெருநாளண்டு குசினிப் படியிலை இருந்து, காத்துக்கு இவையின்ரை பாட்டு வருதோ எண்டு கேட்டுக்கொண்டிருப்பா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ரேடியோவைக் கூட்டி வைச்சனான்.

...தண்ணி இருக்கே தம்பி? வேண்டாம், வேண்டாம்.

போன வரியம் இவையின்ரை பெருநாளுக்கு முதல்நாள், இருபத்தஞ்சாம் திகதி பின்னேரம், அவவுக்கு ஏலாமப் போச்சு. ஆசுப்பத்திரியிலை முதலே கையை விரிச்சு வீட்டை அனுப்பினவை. 'ஃபாதரைக் கூப்பிடுங்கோ' எண்டு மெல்லமாச் சொன்னா. போற ஆளுக்கு ஃபாதர் வந்து எண்ணெய் பூசிச் செபிக்க வேணும், அது எங்களுக்குப் பெரிய காரியம். எல்லாம் நாங்களே செய்வம் எண்டு எழுதினன்தானே? அதை என்னாலை செய்யேலாது. ஃபாதர் இவையின்ரை கூட்டோடை றோட்டிலை நிக்கிறார். ஃபோனைக் கையிலை வைச்சுக்கொண்டு முத்தத்திலை நிண்டன் தம்பி. என்ன வாயாலை கேக்கிறது? உள்ளை அவ முனகிறா... கண்ணை மூடிக்கொண்டு டீச்சருக்கு அடிச்சன். ஒரு சொல்லுக் கேக்கேல்லை டீச்சர். 'வையுங்கோ ஐயா, வருவார்' எண்டா.

அங்கி போட்டபடி மோட்டச் சைக்கிளிலை வந்து இறங்கினார். மக்டலீனுக்குப் பக்கத்திலை இருந்து, பூசி, செபிச்சு, அவ அமந்து நித்திரையாகு மட்டும் இருந்தார். பிறகுதான் ஆக்கள் சொல்லி அறிஞ்சன். ஃபாதர் இல்லாமல் கூடு போகாதெல்லோ, அதே சந்தியிலை, அதே இடத்திலை, அன்னம்மாளைத் தேத்தண்ணிக்கடை வாங்கிலிலை இறக்கி வைச்சிட்டு, முழுச் சனமும் தார் றோட்டிலை முழங்காலிலை நிண்டு மக்டலீனுக்காகச் செபமாலை சொன்னவையாம். ஒண்டரை மணித்தியாலம். என்ரை ஒண்டேகாலிலும் கூட.

விடியப்புறம் அவ என்னை விட்டிட்டுப் போட்டா. அன்னம்மாள் பெருநாளண்டு.

செத்தவீட்டுக்கு எல்லாரும் வந்தவை. டீச்சர் கிட்ட வரேக்கை, நான் அழுகிற சாட்டிலை முகத்தை மற்றப்பக்கம் திருப்பினன். ஒரு நன்றி சொல்லேல்லை. ஒரு வரியமாச் சொல்லேல்லை தம்பி! வேணுமெண்டு ஊரிலை இவையைப் பற்றி இன்னும் கூடவாத் திட்டினன். வெக்கத்துக்கு வேறை என்ன செய்யிறது?

இண்டைக்கு அவவுக்கு முதலாம் ஆண்டு நினைவு. ஃபாதர் இஞ்சை எண்டபடியால் எங்கடை கோயிலிலை பூசை இல்லை. டீச்சர் மூண்டு தரம் ஃபோன் எடுத்திட்டா. முதல் பூசையிலை மக்டலீன்ரை பேர் சொல்லுவினமாம், முன் கதிரையை எனக்கு விட்டு வைச்சிருக்கினமாம். முன் கதிரை! பின்னாலை தூணுக்கு மறைவா ஒரு மூலை தந்தால் ஓடிப்போய் இருந்திடுவன். முன்னாலை போறதெண்டால் எல்லாற்றை முகத்தையும் பாத்துக்கொண்டெல்லோ நடக்க வேணும்...

மணி அடிக்குது, கேக்குதே? அவவின்ரை கலியாணத்துக்கு அடிச்ச மணி. வெடிச்ச மணி, தகரச் சத்தம் எண்டெல்லாம் நையாண்டி பண்ணினனான். நல்ல மணிதான்.

இல்லைத் தம்பி, ஏலாது. திருப்பும் ஓட்டோவை. வீட்டை போய் நானே ஒரு செபமாலை சொல்லுறன், எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே... தம்பி? எங்கை போட்டீர்? உதென்ன, ஆளைக் காணேல்லை! நான் ஆரோடை கதைச்சுக்கொண்டிருந்தனான்?... ஐயோ, உவன் கோயில் படலையடியிலை நிண்டு டீச்சரோடை கதைக்கிறான்! இஞ்சாலை கையைக் காட்டுறான்!

அவ வெளிக்கிட்டிட்டா. பெருநாள் சனமெல்லாம் திரும்பிப் பாக்குது. வர வேண்டாம், டீச்சர், அங்கையே நில்லுங்கோ... நீங்கள் வரக்கூடாது, இந்தமுறை நீங்கள் வரக்கூடாது. நான் வாறன். தம்பி, ஓடியாரும், கையைப் பிடியும். ஓம் டீச்சர்... ஓம் பிள்ளை... குதிரை பின்னுக்கு வருது.