இரண்டு தடவை வாங்கியவர்கள்

என் மேசை ஜன்னலோரம், சார். மூன்று மணிக்கு மேல் வெயில் நேராகக் கணினித் திரையில் விழும், கண் கூசும். ஒரு திரைச்சீலை கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். கிடைத்தபாடில்லை.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. மார்ஃபின் மாதிரியான மருந்தை எந்த டாக்டர் எழுதினாலும், எந்தக் கடை விற்றாலும், விவரம் எங்கள் கண்காணிப்பு அலுவலகத்துக்கு வந்துவிடும். ஒரே நோயாளி ஒரே மாதத்தில் இரண்டு தடவை வாங்கினால் அவருடைய எண்ணுக்குச் சிவப்புக் குறி போடுவோம். குறி விழுந்தவருக்கு எந்த டாக்டரும் எழுத மாட்டார், எந்தக் கடையும் கொடுக்காது. போதைக்காரர்களைப் பிடிக்கத்தான் இதெல்லாம். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

என் மனைவிக்கு எலும்பில் புற்றுநோய். டாக்டர் ஒரு மாதத்துக்கு அறுபது மாத்திரை எழுதினார். கடைக்காரரிடம் முப்பதுதான் இருந்தது. மீதியை இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார். அடுத்த மாதம் போனபோது டாக்டர் திரையைப் பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"ரெண்டு தடவை வாங்கியிருக்கீங்களே."

"பாதிப் பாதியா கொடுத்தாங்க டாக்டர்."

"திரையில இருக்கறதைத்தான் நான் நம்ப முடியும். இந்த மாதிரி கதை நிறையக் கேட்டாச்சு."

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். குறி போடுவது எங்கள் கையில், எடுப்பது மேலிடத்தின் கையில். மனு கொடுத்தேன், பதினாறு நாள் ஆகும் என்றார்கள். அவள் பதினோரு நாள்தான் இருந்தாள். கடைசி மூன்று நாளும் பேச்சில்லை, கத்தல்தான். தலையணை உறையைக் கடித்தே கிழித்திருந்தாள். அந்த டாக்டரை நினைத்தால் எனக்கு அடிவயிறு எரியும், சார். இன்றைக்கும் எரிகிறது.

அதன்பின் மனுக்களைச் சரிபார்க்கும் வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? டாக்டரின் வீட்டு முகவரி எனக்கு மனப்பாடம். அந்த முகவரியில் யாருக்காவது அந்த மருந்து எழுதப்படாதா என்று இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தது. அவருடைய அம்மா, எழுபத்திரண்டு வயது, அதே நோய். சொந்தக் குடும்பத்துக்கு அவரே எழுதக் கூடாது என்பதால் வேறொரு டாக்டர் எழுதியிருந்தார். கடைக்காரர் அறுபதையும் ஒரேயடியாகக் கொடுத்திருந்தார். அந்தப் பதிவை முப்பது முப்பதாகப் பிரித்து, இரண்டு தேதி போட்டு, குறியும் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அம்மாள்மீது எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

அடுத்த மாதம் டாக்டர் என் மேசை முன்னால் வந்து நின்றார். என்னை அடையாளமே தெரியவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா துடிக்கறாங்க சார். ஒரே தடவைதான் வாங்கினோம். கடையில வேணா கேட்டுப் பாருங்க."

"திரையில இருக்கறதைத்தான் நான் நம்ப முடியும் டாக்டர்."

அப்போதும் அவருக்கு என்னைத் தெரியவில்லை. கடை ரசீது கேட்டேன், கொண்டுவந்தார். அசல் மருந்துச் சீட்டு கேட்டேன், அதையும் கொண்டுவந்தார். முத்திரை சரியாக விழவில்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் நாற்காலி போட்டு, மரியாதையாக உட்காரச் சொல்லித்தான் பேசினேன். ஒன்பதாம் நாள் என் காலைப் பிடித்தார். பன்னிரண்டாம் நாள் ஆளைக் காணோம். விசாரித்தேன், அம்மா போய்விட்டாராம். அன்றைக்கு ரொம்ப நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன்.

என் மனைவியின் எண்ணுக்குக் குறி போட்டது யார் என்று கேட்கிறீர்கள். பழைய பதிவுகளைத் தோண்டியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அந்த வருஷம் அந்த வேலையில் இருந்தது நான் ஒருவன்தான். ஒரு நாளைக்கு நானூறு எண் வரும், சார். எண்ணைத் தட்டினால் பெயர் வரும், கடைக்காரர் எழுதிய குறிப்பும் வரும். பாதி சரக்குதான் இருந்தது என்று அவர் எழுதித்தான் வைத்திருந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை முடியுமா? தட்டாமலே போட்டுவிட்டேன். அவள் உயிரோடு இருக்கும்போதே எனக்கு அது தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் அந்த டாக்டர் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம். அதைக்கூடச் செய்யாத மனுஷனை நான் எப்படி மன்னிப்பது, நீங்களே சொல்லுங்கள்.