அறுபதைத் தாண்டாத மானிட்டர்

“‘நூத்தி நாப்பத்து நாலுன்னு பேசி வித்துட்டு, அறுபதை என் தலையில கட்டிட்டான் உன் வீட்டுக்காரன். இனிமே அவன் கடையில ஒரு பல்பு வாங்கினாக்கூட எரிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கணும்.’ இப்படித்தானே சொன்னார் உங்கண்ணன்? ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சிட்டே இல்ல? சரி, இப்ப செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. வாசல்ல நின்னு சொன்னா எதிர் வீட்டுக்காரிக்குத்தான் லாபம்.”

நாத்தனார் உள்ளே வந்தாள். கூடத்து நாற்காலியின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுவேன் என்கிற மாதிரி உட்கார்ந்தாள். வந்த விஷயத்தை வாசலிலேயே முடித்துவிட்டாள். நேற்று அண்ணன் அவர்களுடைய எலெக்ட்ரானிக்ஸ் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் நாலு பேர் பார்க்க அவள் புருஷனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லியிருக்கிறார். அதே கடையில், அதே மாதிரி நாலு பேர் பார்க்க, இன்றைக்குள் அவர் அதை வாபஸ் வாங்க வேண்டும். இல்லையென்றால் அவள் இந்த வீட்டுப் படி மிதிப்பது இதுதான் கடைசி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாயைத் தைத்துக்கொண்டு விட்டாள்.

புருஷன் வீட்டு மனிதர்களில் அண்ணியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் இந்த நாத்தனார்தான். பகலில் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை இவளோடு போனில் பேசினால்தான் அன்றைய நாள் நாளாக இருக்கும். இவளும் போய்விட்டால் சுவரோடுதான் பேச வேண்டும். சுவருக்கு ‘உம்’ கொட்டத் தெரியாது. ஆனால் அண்ணிக்குப் பயம் வந்தால் அழுகை வராது, பேச்சு வரும்.

முதலில் அவள் நாத்தனார் பக்கம் சேர்ந்துகொண்டு சொந்தப் புருஷனைத் தாளித்தாள். இந்த மனிதருக்கு வீட்டில் எது கண்ணில் படுகிறது? திரைச்சீலை மாற்றி ஒரு மாதம் ஆகிறது, படவில்லை. அவள் கண்ணாடி மாற்றினாள், அதுவும் படவில்லை. டேபிள் டென்னிஸ் கோச் என்று பெயர். பந்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் உருண்டையாக இருப்பதாக அவருக்குத் தெரியாது. கிளப்பில் பெண்கள் ஆடுவதையெல்லாம் அந்த வேகக் கேமராவில் எடுத்துக்கொண்டு வந்து, இங்கே உட்கார்ந்து பார்ப்பதே வேலை. பழைய மானிட்டரில் பந்து தத்துகிறதாம். மட்டையை விட்டுக் கிளம்புவது தெரிகிறது, இந்தப் பக்கம் விழுவதும் தெரிகிறது, நடுவில் ஐயா எங்கே போய்விட்டு வருகிறார் என்பதுதான் தெரியவில்லையாம். அதற்காகத்தான் இந்த நூற்று நாற்பத்து நாலு ஹெர்ட்ஸ். ஒரு செகண்டுக்கு அத்தனை தடவை படத்தைப் புதிதாகப் போடுகிற மானிட்டர். அறுபது தடவை போட்டால் போதாதாம்.

“நான் ஒரு தடவை கூப்பிட்டா வர ஆள் இல்லை இந்த வீட்ல. அது செகண்டுக்கு அறுபது தடவை வந்து நிக்குது, அது போதலையாம் உங்கண்ணனுக்கு.”

நாத்தனார் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் இதற்கு அவள் தோளில் தட்டிக்கொண்டு சிரித்திருப்பாள். அண்ணி சட்டென்று கட்சி மாறினாள்.

ஆனால் ஒன்று, மாப்பிள்ளை மேலும் தப்பில்லை என்று சொல்லிவிட முடியுமா? புதுக்கடை, புது போர்டு, ராத்திரி முழுக்க மினுக்குகிற லைட், எல்லாம் சரி. முதலில் கொடுத்தது அறுபதுதான் காட்டுகிறது என்று கோச் போன் செய்தார். மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் அதை எடுத்துக்கொண்டு, புத்தம் புதிதாக இன்னொன்று அனுப்பினார். அதுவும் அறுபது. அதே அறுபது. ஒரு மானிட்டர் கெட்டுப்போகலாம், மனுஷனே கெட்டுப்போகிற காலம். இரண்டும் சொல்லிவைத்த மாதிரி அறுபதில் நின்றால் உங்கண்ணனுக்குச் சந்தேகம் வருமா வராதா? அவர் கடைக்கு வந்து கத்தியது தப்புதான். ஒரு ஓரமாகக் கூப்பிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மரியாதையாகக் கத்தியிருக்கலாம்.

நாத்தனாரின் உதடு இன்னும் இறுகியது. கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அண்ணி பார்த்தாள். இது கிளம்புவதற்கு முதல் படி, அடுத்தது எழுந்திருப்பது. எழுந்துவிட்டால் தீர்ந்தது. அவளை எழவிடக் கூடாது என்பதற்காகவே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். நீயே வந்து பார், நாங்கள் ஏதாவது குறை வைத்திருக்கிறோமா, பார்த்துவிட்டுச் சொல் என்று கோச்சின் சுழல் நாற்காலியில் அவளை அமுக்கி உட்கார வைத்தாள்.

மேசை கண்ணாடி மாதிரி இருந்தது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ். தூசி இல்லை, காகிதம் இல்லை, வயர் என்று ஒன்று கண்ணில் படவில்லை. அண்ணிக்கு அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. முந்தானை நுனியால் மானிட்டரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே, இந்த வீட்டில் மேசைக்கு மேலே கோச் ராஜ்யம், மேசைக்குக் கீழே தன் ராஜ்யம் என்றாள். அவருக்குத்தான் முட்டி மடங்காதே. ஊரில் உள்ள பெண்களையெல்லாம் ‘முட்டியை மடக்கு, முட்டியை மடக்கு’ என்று விரட்டுகிறார். சொந்த முட்டி பத்து வருஷமாக ஸ்ட்ரைக். அதனால் பிடுங்குவது, சொருகுவது எல்லாம் அண்ணியின் இலாகா. முதல் மானிட்டரை மாட்டியது அவள். இரண்டாவதை மாட்டியதும் அவள்.

அதையும் ஏனோதானோ என்று மாட்டுகிற ஆளா அவள்? கான்வென்ட்டில் வளர்ந்தவள். அங்கே ஹாஸ்டல் சிஸ்டர் காலையில் வந்து கட்டில் கட்டிலாகப் பார்ப்பார். போர்வை மூலை கோணலாக இருந்தால் மொத்தப் போர்வையையும் தரையில் உருவிப் போட்டுவிட்டுப் போவார், திட்டக்கூட மாட்டார். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. வயர் தொங்கினால் அவளுக்குச் சோறு இறங்காது. இந்த வீட்டில் ஒவ்வொரு கேபிளும் சுருட்டி, தலைமுடிக்குப் போடுகிற ரப்பர் பேண்டு போட்டு, நீளம் தனி, குட்டை தனி, வெள்ளை தனி, கருப்பு தனி என்று டிராயரில் இருக்கும். வேறு யார் வீட்டில் இருக்கும், சொல்லேன்.

“இந்த மானிட்டரோட பெட்டியில ஒண்ணு வந்துச்சு பாரு, கருப்பா, தடியா. தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தற குழாய் மாதிரி. வளைச்சா வளையாது, சுவத்தோட ஒட்டி வையின்னா முறைச்சுக்கிட்டு நிக்குது. அதோட வாயைப் பார்த்தா ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கு, சொருகினா கடிச்சுப் பிடிச்சுக்குது, அமுக்கினாத்தான் விடுது. இதெல்லாம் யாரு மாட்டுவா? பின்னாடி ரெண்டு தினுசா ஓட்டை இருந்துச்சு. இன்னொரு ஓட்டைக்கு நம்மகிட்டயே டிவிக்கு வாங்கின பழைய வெள்ளைக் கேபிள், ஒல்லியா, நீளமா, பாந்தமா இருந்துச்சு. அதை எடுத்து மாட்டினேன். படம் வந்துச்சா இல்லையா? பளிச்சுன்னு வந்துச்சு. ரெண்டாவது மானிட்டர்லயும் அதே தடியன் வந்தான். அவனையும் எடுத்து…”

நாத்தனார் தலையை உயர்த்தினாள்.

வெறுமனே பார்த்தாள். ஆனால் மாப்பிள்ளை சாப்பிடப் போகிற மத்தியான நேரமெல்லாம் கடைக் கல்லாவில் உட்காருகிறவள் அவள். பெட்டியை வாங்கிக்கொண்டு போகிற ஒவ்வொருவரிடமும் ‘உள்ளே இருக்கற கேபிளையே போடுங்க, வேற போட்டா வேகம் வராது’ என்று மாப்பிள்ளை கிளிப்பிள்ளை மாதிரி சொல்வதைக் கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் அவளே சொல்கிறாள்.

துடைத்துக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது. வாய் மட்டும், சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றுகிற ஃபேன் மாதிரி, “எடுத்து… டிராயர்ல… ரப்பர் பேண்டு போட்டு…” என்று இன்னும் கொஞ்சம் ஓடிவிட்டு அடங்கியது.

கோச் அன்றைக்குப் போன் செய்தபோதே மாப்பிள்ளை இதைத்தான் கேட்டார். கோச் இந்த அறையிலிருந்து, ‘ஏய், பெட்டியில வந்த கேபிள்தானே போட்டிருக்கே?’ என்று கத்தினார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ‘எல்லாம் வந்தது வந்தபடிதான் இருக்கு’ என்று அவளும் திருப்பிக் கத்தினாள். அப்போது அது பொய் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எந்தக் கேபிளாக இருந்தால் என்ன, கேபிள் கேபிள்தானே?

மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிராயரிலிருந்து ஒரு தடியனை எடுத்துக்கொண்டு அண்ணி மேசைக்கு அடியில் போனாள். பேசாமல் என்பது ஐந்தாறு நொடிக்குத்தான். அடியிலிருந்து அவள் குரல் வந்தது: இதனால் இருக்காது, இருந்தாலும் நீ வந்ததற்கு ஒரு தடவை பார்த்துவிடுவோம், உன் திருப்திக்கு. வெள்ளைக் கேபிளை உருவினாள். திரை இருண்டது. தடியனைக் கம்ப்யூட்டரின் முதுகில் வைத்து அழுத்தினாள், ‘க்ளக்’ என்று கடித்துக்கொண்டது. வெளியே வந்து மறுமுனையை மானிட்டரில் கடிக்க வைத்தாள்.

எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். கோச்தான் தினமும் செட்டிங்ஸில் அந்த இடத்தைத் திறந்து, ‘பார், பார், அறுபதுக்கு மேல ஒரு நம்பர் இருக்கா பார்’ என்று காட்டிக் காட்டி அழுவாரே. இத்தனை நாளும் அங்கே அறுபது மட்டும் தனியாக, கல்யாணமாகாத மூத்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. இப்போது திறந்தால் குடும்பமே வந்து உட்கார்ந்திருக்கிறது. நூறு. நூற்று இருபது. நூற்று நாற்பத்து நாலு.

அண்ணி அதை அழுத்தினாள். திரை ஒரு கணம் இருண்டு, மறுபடி வந்தது.

கோச் பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருந்த வீடியோ அப்படியே இருந்தது. நாத்தனார் மவுஸைப் பிடித்து அதை ஓட விட்டாள். உயரமான பெண்ணொருத்தி பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தாள். பந்து மட்டையை விட்டுக் கிளம்பியது, தன் பக்கம் ஒரு தரம் குதித்தது, வலைக்கு மேலே லேசாக இடதுபக்கம் வளைந்தது, வந்து இறங்கியது. வந்த வழி பூராவும் இருந்தது. நடுவில் எங்கேயும் காணாமல் போகவில்லை. அண்ணிக்கே அது அழகாகத்தான் இருந்தது, அந்த எரிச்சலிலும்.

அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் கிசுகிசுப்பில். உங்கண்ணன் சுபாவம் உனக்குத் தெரியாததா? கோபம் வந்தால் அதைக் கீழே போடமாட்டார், யார் தலையிலாவது வைத்தால்தான் அவருக்குக் கை ஓயும். இப்போது மாப்பிள்ளை தலையில் இருக்கிறது. அங்கேயிருந்து எடுத்தால் அடுத்த தலை இந்த வீட்டில் எது? அதுகூடப் பரவாயில்லை. கதையாக்கிவிடுவார். கிளப்பில் சொல்வார், கல்யாண வீட்டில் சொல்வார், பந்து பொறுக்கிப் போடுகிறவரிடம் சொல்வார். ‘என் சம்சாரம் கேபிளைக் கலர் பார்த்து மாட்டுவா’ என்று சாகிற வரைக்கும் சொல்வார். அண்ணியால் திட்டு வாங்க முடியும். சிரிப்பு வாங்க முடியாது.

ஆகவே அவள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுக்கு அது ரொம்ப நியாயமான வழியாகத்தான் பட்டது.

“ஒண்ணும் பெரிசா சொல்ல வேண்டாம். பெட்டியில கேபிளை வைக்க மறந்து போச்சு, கடையிலேயே கிடந்துச்சு, இப்பத்தான் பார்த்தோம், நானே கையோட எடுத்துட்டு ஓடி வந்தேன், அண்ணி மாட்டினாங்கன்னு சொல்லிடு. ஏமாத்துக்காரர்ங்கற பேருக்கு மறதிக்காரர்ங்கற பேர் எவ்வளவோ தேவலை இல்லையா? ஏமாத்துக்காரன் கடைக்கு எவனும் வரமாட்டான். மறதிக்காரன் கடைக்குக் கூட்டம் அள்ளும், பாக்கிச் சில்லறையை ரெண்டு தடவை கொடுத்தாலும் கொடுப்பான்னு. உங்கண்ணனும் மனசு இளகி இன்னிக்கே கடைக்கு வந்து வாபஸ் வாங்கிடுவார், நான் வாங்க வைக்கறேன். யாருக்கு என்ன நஷ்டம்?”

நாத்தனார் டிராயரைப் பார்த்தாள். அங்கே இன்னொரு தடியன் ரப்பர் பேண்டோடு படுத்திருந்தான். முதல் மானிட்டரைத் திருப்பி அனுப்பும்போது, கூடவே போயிருக்க வேண்டியவன். அண்ணியும் அவனைப் பார்த்தாள். ஒன்றை மறக்கலாம், இரண்டையும் மறந்ததாகச் சொன்னால் நம்புகிறவர் கோச் இல்லை. அவனை எடுத்து, அலமாரியில் இருந்த பழைய மிக்சியின் அட்டைப்பெட்டிக்குள் தள்ளி, மேலே மூடியை அமுக்கினாள். மூடி நிற்கவில்லை. அவன் அங்கேயும் வளைய மாட்டேன் என்றான். அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

வாசலில் மணி அடித்தது. கோச்தான். சாவியை மறந்துவிட்டுப் போகிற கோச்.

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. தோளில் மாட்டியிருந்த கைப்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சுழல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தாள், கொஞ்சம் இப்படியும் அப்படியும் சுழன்றுகூடப் பார்த்தாள். பிறகு வீடியோவை முதலிலிருந்து ஓட விட்டாள். உயரமான பெண் மறுபடி பந்தைத் தூக்கிப் போட்டாள். நாத்தனார் அந்தப் பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயோரத்தில் மட்டும் ஏதோ ஒன்று, சிரிப்பு என்று சொல்ல முடியாது, மெல்ல அசைந்தது.

மணி மறுபடி அடித்தது. இந்தத் தடவை கோச் கையை எடுக்கவில்லை.

“என் கண்ணுல்ல. ஒரே ஒரு வார்த்தை. ‘சரி அண்ணி’ன்னு சொல்லிடு, நான் போய்க் கதவைத் திறக்கறேன்.”