மூன்று இழுப்பு

பகல் பன்னிரண்டு மணி. கப்பலூர் கம்பெனிகளைத் தாண்டி, கண்மாய்க்குப் போகிற மண் ரோடு. ஆள் இல்லை. ஒரு நாய்கூட இல்லை.

பேய்க் கதைக்கு ராத்திரி வேண்டாமா என்று கேட்காதீர்கள். கரண்ட் போய் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறோமே, இந்த ராத்திரி போதும். நடந்தது உச்சி வெயிலில். காவ்யஸ்ரீ, சிரிப்பதென்றால் கீழே போய்ச் சிரி.

என்னோடு வேலை பார்க்கிற பாண்டீஸ்வரியின் அண்ணன் முத்திருளன். கிணற்றில் விழுந்த மோட்டாரை முங்கி எடுப்பார். விழுந்த ஆளையும் எடுப்பார். இடுப்பில் கயிறு. ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். மூன்று இழுப்பு என்றால் மேலே தூக்கு. கூடப் பிறந்தவர்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும், அது அவர்கள் வீட்டு வழக்கம். இன்னொன்றும் உண்டு. தண்ணீருக்குள் பிணம் கையில் தட்டுப்பட்டதும், மனசுக்குள் "வா, வீட்டுக்குப் போவோம்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால்... விட்டுவிட்டு வரக் கூடாது.

அந்தக் கண்மாயில் மரத்தூண் ஊன்றிக் கட்டிய படகுத்துறை ஒன்று வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. திரும்பத் திறக்கப் போகிறார்கள். தண்ணீருக்குள் தூண்கள் இற்றுவிட்டனவா என்று பார்க்க வேண்டும். சிலிண்டர் மாட்டி முங்குகிறவர்களைக் கூப்பிட காண்ட்ராக்டருக்கு மனசு வரவில்லை. எங்க ஆட்களின் உயிர்தான் சல்லிசாகக் கிடைக்குமே.

வெயில் நேராக இறங்கினால்தான் கலங்கல் தண்ணீரில் கை தெரியும். அதனால்தான் உச்சிப் பொழுது. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் குடைக்குள் உட்கார்ந்திருந்தான். அண்ணன் சுத்தியலோடு முங்கித் தூணைத் தட்டினார். நல்ல மரம் 'டங்' என்னும். இற்றது 'பொத்' என்னும். மேலே பலகையில் நிற்கிற பாண்டீஸ்வரியின் உள்ளங்காலுக்கே அது தெரியும்.

டங்... டங்...

மூன்றாவது தூண். பொத்.

அப்புறம் சத்தமே இல்லை.

மேலே வந்தார். உதடு வெளுத்திருந்தது.

"பாண்டி... தூணு பாதியில அத்துப் போச்சு. அடியில கட்டையே இல்ல."

"பெறகு எப்படிண்ணே நிக்குது?"

"தோளு மேல நிக்குது."

"யார் தோளுல?"

"ஆளுடி. நட்டமா நிக்குறான். சில்லுனு இருக்கான்."

சூப்பர்வைசர் சிரித்தான். "ஏண்ணே, பட்டப் பகல்லயே சரக்கா? எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு ஏறி வாங்க."

அண்ணன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "பழக்கத்துல சொல்லிட்டேன் பாண்டி. வா, வீட்டுக்குப் போவோம்னு."

"அது பொணத்துக்குத்தானண்ணே? இது என்னன்னே தெரியல. வந்துருண்ணே, போயிருவோம்."

"சரின்னு தலைய ஆட்டுனான்..."

முங்கிவிட்டார்.

ஒரு இழுப்பு. பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூன்று இழுப்பு. அம்புட்டுக் கனம். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

வந்தது அண்ணன் இல்லை.

யாரோ ஒரு ஆள். பிணம். அண்ணன் போடுகிற அதே முடிச்சு, அவன் இடுப்பில். பிண வாடை இல்லை, ஊறிய மரத்தின் வாடை. வலது தோளில் வட்டமாக ஒரு பள்ளம்.

படகுத்துறை அந்தப் பக்கம் கிறீச்சென்று சரிந்தது. சூப்பர்வைசர் குடையைப் போட்டுவிட்டு ஓடினான். சரிந்தது... நின்றது... அப்புறம் மெதுவாக நிமிர்ந்தது. அடியில் யாரோ தோள் கொடுத்த மாதிரி.

தீயணைப்புக்காரர்கள் வந்து தேடினார்கள். அண்ணன் கிடைக்கவில்லை, சேற்றில் போயிருப்பார் என்றார்கள். அந்தப் பிணத்தைக் கேட்டு எவரும் வரவில்லை. துறை கட்டிய காலத்தில் வேலைக்கு வந்தவனாக இருக்கலாம். கூலிக்கு வந்தவன் காணாமல் போனால் யார் தேடினார்கள்? வேறு ஆளை இறக்கித் தட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது தூண் 'டங்' என்றது. ரிப்பன் வெட்டித் திறந்தார்கள்.

பாண்டீஸ்வரி ஞாயிறு தவறாமல் போகிறாள். பலகையில் ஏற மாட்டாள். கரையில் நின்று, குதித்து ஆடுகிற கூட்டத்தைப் பார்த்துக் கத்துவாள். "எறங்குங்கடா! எங்கண்ணனுக்கு வலிக்கும்டா!" கிறுக்கி என்று சிரித்து வீடியோ எடுக்கிறார்கள்.

நானும் நம்பவில்லை. எங்க வீட்டில் முதல் டிகிரி நான்தான், எப்படி நம்புவேன்? போன ஞாயிறு செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றாவது தூணுக்கு மேலே போய் நின்றேன்.

டங். டங். டங்.

கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று.

கரைக்கு ஓடிவந்து சொன்னேன். அவள் அழவில்லை. "தெரியும்டி. நான் கீழ போய் வான்னு கூப்புட்டா அண்ணன் வந்துரும். ஆனா அந்தத் தூணு ஒரு தோளு இல்லாம நிக்காதுல்ல."

அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம். இந்த வாரம் முழுக்க, வேலை விட்டதும் நேராக நீச்சல் பழகப் போகிறாள்.

இன்றைக்குச் சாயங்காலம் ஈரத் தலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையில் ஊறிய மர வாடை.

"கயித்தப் பிடிக்க நீ வாரியாடி? எனக்குக் கூடப் பொறந்தவன்னு வேற யாரு இருக்கா?"